மரம் விழுந்து வீடும் காரும் சேதமானால் யார் பணம் கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, ஒரே பிற்பகலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அதற்குப் பிறகு கஜா, மாண்டஸ், மிக்ஜாம் எல்லாம் வந்து போய்விட்டன. ஒவ்வொரு முறையும் தெருவில் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இது யார் மரம்?" நியாயமான கேள்விதான். ஆனால் நீதிமன்றத்தில் அதைவிடப் பெரிதாக எழுவது, "அது விழும் நிலையில் இருந்தது யாருக்குத் தெரியும்?" என்பது. காப்பீட்டு நிறுவனமோ இரண்டையும் முதலில் கேட்பதில்லை. உங்கள் பாலிசியைத்தான் புரட்டிப் பார்க்கும். கீழே உள்ளவை தமிழ்நாட்டு நிலைமையை வைத்து எழுதப்பட்டவை. வழக்கு வரை போவதென்றால் வழக்கறிஞர் ஒருவரிடம் தாள்களைக் காட்டிவிட்டுப் போங்கள்.

பக்கத்து வீட்டு மரம் என் வீட்டின் மேல் விழுந்தது. அவர்தானே கொடுக்க வேண்டும்?

மரம் அவருடையது என்ற ஒரே காரணத்துக்காக அவர் கொடுக்க வேண்டியதில்லை. பலருக்கு இதைக் கேட்டதும் கோபம் வரும். ஆனால் சட்டம் பார்ப்பது கவனக்குறைவை. மரம் பட்டுப்போயிருந்ததா, அடியில் பொந்து விழுந்திருந்ததா, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்ததா, அது அவருக்குத் தெரியுமா, தெரியாவிட்டாலும் சாதாரணமாகக் கவனிக்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்குமா? இவற்றுக்கு ஆம் என்று காட்ட முடிந்தால் அவர் பொறுப்பு. பச்சைப்பசேலென்று நின்ற மரம் எந்த அறிகுறியும் இல்லாமல் முறிந்திருந்தால் அவர் பொறுப்பில்லை.

இந்த விஷயத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு டெல்லியிலிருந்து வந்தது. 1964-இல் அங்கே ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த ஒருவர் தலைமேல் சாலையோர வேப்ப மரத்தின் கிளை முறிந்து விழுந்து அவர் இறந்துபோனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1999-இல்தான் முடிந்தது. மாநகராட்சிதான் பொறுப்பு என்றது நீதிமன்றம். மரம் ஏற்கெனவே காய்ந்து செத்துப்போயிருந்தது, பார்த்தாலே தெரியும், அதைக் கண்டுபிடித்து அகற்ற வேண்டியது மாநகராட்சியின் கடமை என்பதுதான் காரணம். உயிரிழப்பு வழக்கென்றாலும் அதே அளவுகோல்தான் உங்கள் ஓட்டுக்கூரைக்கும் காருக்கும். முப்பத்தைந்து ஆண்டு ஆனதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு எதற்கு என்பதற்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

புயலில் விழுந்தால் "இயற்கைச் சீற்றம்" என்று சொல்லித் தப்பிவிடலாமா?

நல்ல மரம் பெரும் புயலில் வேரோடு சாய்ந்திருந்தால் அந்த வாதம் பெரும்பாலும் நிற்கும். ஆனால் புயல் வந்த நாளில் விழுந்தது எல்லாமே புயலால் விழுந்ததாகிவிடாது. நவம்பர் மாதம் சென்னையில் காற்றும் மழையும் வரும் என்பது யாரும் எதிர்பாராத செய்தி இல்லை. தெருவில் இருபது மரம் நிற்கும்போது பட்டுப்போன ஒன்று மட்டும் விழுந்தால், காற்றின் மேல் பழிபோட்டுவிட்டு நகர முடியாது.

அதேபோல மனிதன் கைவைத்த மரமும். கால்வாய் தோண்டும்போது ஒரு பக்க வேரை முழுதாக அறுத்துவிடுவது, நடைபாதை போடும்போது தண்டைச் சுற்றி இடைவெளியே விடாமல் கான்கிரீட் கொட்டிவிடுவது, மின்கம்பிக்காக ஒரே பக்கத்துக் கிளைகளை மொட்டையடிப்பது. இப்படிப்பட்ட மரம் சாய்ந்தால் அதை இயற்கையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. 2022 ஜூனில் சென்னை கே.கே. நகரில் காரின் மேல் மரம் விழுந்து வங்கி மேலாளர் ஒருவர் இறந்தபோதும், வடிகால் பள்ளம்தான் காரணமா இல்லையா என்பதில்தான் விவாதம் நின்றது. ஆகவே வேர்ப் பகுதியைப் படமெடுங்கள். அறுபட்ட வேரின் முனை நேராக இருக்கும், பிய்ந்த வேர் நார்நாராக இருக்கும். மறுநாள் காலை மரத்தோடு சேர்ந்து அந்தச் சாட்சியும் லாரியில் ஏறிவிடும்.

பக்கத்து மனையில் ஒரு மரம் ஆபத்தாகச் சாய்ந்து நிற்கிறது. வாய்விட்டுச் சொல்லியும் அசையவில்லை. என்ன செய்வது?

எழுதிக் கொடுங்கள். இந்தப் பக்கத்திலேயே பயனுள்ள வரி இதுதான். மேலே சொன்ன "தெரியுமா, தெரியாதா" என்ற சண்டையை ஒரு கடிதம் தீர்த்துவிடும். வக்கீல் நோட்டீஸ் வேண்டியதில்லை. சண்டைக்கு இழுக்கும் தொனியும் வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

"உங்கள் மனையின் வடகிழக்கு மூலையில் உள்ள வாகை மரம் எங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்துள்ளது. அடித்தண்டில் பொந்து இருக்கிறது. மழைக்காலம் வருவதற்குள் ஆள் வைத்துப் பார்த்து, வேண்டியதைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்றைய தேதியில் எடுத்த படங்களை இணைத்துள்ளேன்."

ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். நீல டிக் விழுந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133. விழும் நிலையில் உள்ள மரத்தால் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ தொழில் செய்பவர்களுக்கோ அந்த வழியே போகிறவர்களுக்கோ காயம் ஏற்படக்கூடும் என்றால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ மரத்துக்காரருக்கு உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு. நடைமுறையில் உங்கள் கோட்டாட்சியர் அலுவலகம், அதாவது ஆர்.டி.ஓ. மனுவில் "என் சுவர் இடிந்துவிடும்" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பிரிவு சொத்துக்காக வந்ததல்ல, ஆட்களுக்காக வந்தது. "பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்த வழியாகத்தான் போகிறார்கள்" என்பது உண்மையாக இருந்தால் அதை முதலில் எழுதுங்கள்.

கிளை என் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. நானே வெட்டிவிடலாமா?

உங்கள் எல்லைக்குள் வந்த பகுதியை, உங்கள் இடத்தில் நின்றபடி வெட்டலாம். மதில் ஏறி அந்தப் பக்கம் இறங்கக் கூடாது. எல்லையைத் தாண்டி ஓர் அடி சேர்த்து வெட்டவும் கூடாது. வெட்டிய கிளையும் காயும் அவருக்கே சொந்தம். மாங்காயைப் பறித்து ஊறுகாய் போட்டுவிட்டு உரிமை பேச முடியாது. சட்டம் முன்கூட்டியே சொல்லச் சொல்லாவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டுங்கள், நாளைக்கும் அதே முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் கதை வேறு. அங்கே 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்து மரத்துக்கே அனுமதி வேண்டும்.

வெட்ட வந்த ஆள் கிளையைப் பக்கத்து வீட்டு ஷீட் கூரையின் மேல் போட்டுவிட்டார். யார் பொறுப்பு?

அவரும் பொறுப்பு, பெரும்பாலும் கூப்பிட்ட நீங்களும் பொறுப்பு. கயிறு கட்டி இறக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

சாலையோர மரம் விழுந்தால் மாநகராட்சி கொடுக்குமா?

கேட்டவுடன் கொடுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. காய்ந்த மரம், முன்பே புகார் போயிருந்தது, பணியாளர்கள் வேரை அறுத்தார்கள் என்று ஏதாவது ஒன்றைக் காட்டினால்தான் வழக்கு நிற்கும். முதலில் யார் சாலை என்று பாருங்கள். தெருச் சாலை உள்ளாட்சியுடையது, பெரிய சாலைகளில் பல மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை, சில தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையவை. தவறான கதவைத் தட்டி ஆறு மாதம் வீணாக்கியவர்கள் நிறையப் பேர்.

சென்னையில் 1913-க்கு அழைத்தாலோ இணையத்தில் பதிந்தாலோ புகார் எண் கிடைக்கும். "மரம் ஆபத்தாக நிற்கிறது" என்று தெருவில் எவரோ நான்கு மாதம் முன்பு பதிந்த எண் ஒன்று கிடைத்தால் அது பொன். விழுந்த பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அந்தத் தெருவில் வந்த மரப் புகார்கள், எடுத்த நடவடிக்கை, அங்கே வேலை செய்த ஒப்பந்ததாரர் யார் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

அரசு மேல் வழக்குப் போடுவதற்கு முன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும். உள்ளாட்சிகளுக்கு அவற்றின் சட்டங்களிலேயே முன்னறிவிப்பு விதி உண்டு. காலக்கெடுவும் குறுகலாகலாம். தனியாள் மேல் இழப்பீடு கேட்க பொதுவாக மூன்று ஆண்டு இருக்கிறது. சட்டப்படியான கடமையைச் செய்ததற்காகவோ செய்யாமல் விட்டதற்காகவோ அமைப்பின் மேல் கேட்கும்போது ஓராண்டுதான் என்ற வாதம் வரும். ஓராண்டு என்றே வைத்துக்கொண்டு நடங்கள்.

வாசலில் நானே வைத்து வளர்த்த மரம். அது யாருடையது?

மதிலுக்கு வெளியே, தெருவில் என்றால் உள்ளாட்சியுடையது. தண்ணீர் ஊற்றியது நீங்கள் என்பது உரிமை ஆகாது. அதனால் நீங்களே வெட்டவும் முடியாது. அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். மதிலுக்கு உள்ளே அடித்தண்டு இருந்தால் உங்களுடையது. எல்லைக்கோட்டிலேயே தண்டு நின்றால் இருவருக்கும் பொது, செலவும் பொது.

கார் மேல் மரம் விழுந்தது. இன்சூரன்ஸ் வருமா?

நீங்கள் கட்டியது "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று நாம் சொல்லும் முழுக் காப்பீடு என்றால் வரும். புயல், சூறாவளி, வெள்ளம் எல்லாம் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. காற்றே இல்லாத நாளில் விழுந்தாலும் வெளியிலிருந்து நேர்ந்த விபத்து என்ற தலைப்பில் சேரும். எனவே கார் விஷயத்தில் வானிலைச் சான்றிதழைத் தேடி அலைய வேண்டியதில்லை. தேர்ட் பார்ட்டி மட்டும் கட்டியிருந்தால் ஒரு ரூபாயும் வராது. பழைய வண்டி, எதற்கு வீண் செலவு என்று தேர்ட் பார்ட்டிக்கு மாறியவர்கள்தான் டிசம்பர் மாதத்தில் அதிகம் வருந்துகிறார்கள்.

எவ்வளவு வரும் என்பதில்தான் ஏமாற்றம். மரம் விழுந்தால் அடிபடுவது முன்கண்ணாடி, கூரைத் தகடு, பானெட், பம்பர். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் புது வண்டியாக இருந்தாலும் பாதிதான். ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம் கழிப்பார்கள். தகடுகளுக்கு வண்டியின் வயதுப்படி: முதல் ஆறு மாதம் கழிவு இல்லை, இரண்டாம் ஆண்டில் 10 சதவீதம், ஐந்தாம் ஆண்டில் 35, ஐந்தைத் தாண்டினால் 40, பத்தைத் தாண்டினால் 50. "பம்பர் டு பம்பர்" என்று விற்கப்படும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் இந்தக் கழிவு போய்விடும். எதுவானாலும் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு ஆயிரம் ரூபாயும், அதற்கு மேல் இரண்டாயிரமும், இருசக்கர வாகனத்துக்கு நூறு ரூபாயும் கட்டாயக் கழிவாக உங்கள் கையிலிருந்து போகும். பழுதுச் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் ஐ.டி.வி., அதாவது வண்டிக்குக் காப்பீடு செய்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

சின்ன நசுங்கல்தான். க்ளைம் போடலாமா, கைக்காசில் சரிசெய்யலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டிச் சேதத்துக்கான உங்கள் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய், நோ க்ளைம் போனஸ், அதாவது க்ளைம் போடாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி, 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கட்டுவது 4,000. ஒரு க்ளைம் போட்டால் போனஸ் பூஜ்யத்துக்கு வந்து, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மீண்டும் 50-ஐத் தொடும். இடையில் நீங்கள் இழப்பது முதல் ஆண்டில் 4,000, அடுத்து 2,400, 2,000, 1,200, 400. கூட்டினால் பத்தாயிரம். கட்டாயக் கழிவையும் சேர்த்தால், 11,000 ரூபாய்க்குள் முடிகிற டிங்கரிங் வேலைக்கு க்ளைம் போடுவது நஷ்டம். தேங்காய் விழுந்து பானெட் நசுங்கிய கதைகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் அடங்கும். போனஸ் பாதுகாப்பு என்ற கூடுதல் அம்சம் எடுத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மரத்தடியில் நிறுத்தியது என் தப்பு என்று சொல்வார்களா?

சொல்வார்கள், ஆனால் அது செல்லாது. வெயிலூரில் நிழலில் வண்டி நிறுத்துவது கவனக்குறைவு அல்ல. "மரம் அகற்றும் பணி, வண்டி நிறுத்தாதீர்" என்று கயிறு கட்டிய இடத்தில் நிறுத்தியிருந்தால்தான் உங்கள் பங்கும் பேசப்படும்.

வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறது. மரம் விழுந்தால் அதில் சேருமா?

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் "பாரத் கிருஹ ரக்‌ஷா" என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்றாக வேண்டும். அதில் வெளிப்பொருள் மோதுவதால் வரும் சேதம் என்ற பகுதியில் வண்டி, விமானம், சுவர் ஆகியவற்றோடு விழும் மரமும் எடுத்துக்காட்டாகவே எழுதப்பட்டிருக்கிறது. புயலா, வெறும் காற்றா, யார் மரம் என்ற கேள்வியெல்லாம் அங்கே எழாது. மதில் சுவர், வண்டிக் கொட்டகை, வராண்டா எல்லாம் "வீடு" என்பதற்குள்ளேயே வருகின்றன.

இதற்கு முன் பரவலாக இருந்த தீ மற்றும் சிறப்பு அபாயப் பாலிசியில் மோதல் என்றால் வண்டியும் விலங்கும்தான். புயல் இல்லாத நாளில் மரம் விழுந்தால் நிறுவனம் கைவிரிக்க இடம் இருந்தது. உங்கள் தாளில் எது இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். கடைக்காரர்களும் பாருங்கள், சொத்து மதிப்பு ஐந்து கோடி வரை உள்ள சிறு தொழில்களுக்கு அதே தேதியில் வந்தது "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்‌ஷா".

தொகை எப்படி? மனை மதிப்பு கணக்கில் வராது. தரைப்பரப்பைக் கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும்: ஆயிரம் சதுர அடி, அடிக்கு 2,000 என்றால் 20 லட்சம். வீட்டுப் பொருட்களுக்கு அதில் 20 சதவீதம், பத்து லட்சத்துக்கு மிகாமல், தானாகவே சேரும். கூரை ஓட்டை வழியாக மழை இறங்கி மெத்தையும் டிவியும் போனால் அது இந்தக் கணக்கில் வரும். வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று வீட்டு வாடகைக்கும் இடம் உண்டு.

இடிபாடு அகற்ற க்ளைம் தொகையில் 2 சதவீதம்தான். மூன்று லட்சம் க்ளைம் என்றால் ஆறாயிரம். கூரை மேல் சாய்ந்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தை மெஷின் வைத்து அறுத்து லோடு ஏற்ற அந்தப் பணம் எந்த மூலைக்கு? மரம் எதன் மேலும் விழாமல் தோட்டத்தில் சும்மா சாய்ந்திருந்தால் அதுவும் இல்லை. முழுச் செலவும் உங்களுடையதே.

வங்கிக் கடனில் வாங்கிய வீடு. காப்பீடு கட்டாயம் என்று பிடித்தார்களே, அது போதாதா?

அது வீட்டுக் காப்பீடா, கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடா என்று முதலில் பாருங்கள். இரண்டாவதாக இருப்பதே அதிகம். வீட்டுக் காப்பீடாகவே இருந்தாலும் தொகை மீதிக் கடன் அளவுக்கு மட்டும் இருக்கலாம். பணமும் முதலில் வங்கிக்கே போகலாம்.

விழுந்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

கம்பி அறுந்து கிடந்தால் மரத்தைத் தொடாதீர்கள், ஈரத்தில் இறங்காதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 அல்லது உங்கள் பிரிவு அலுவலகத்துக்குச் சொல்லி மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று உறுதியான பிறகே அடுத்த வேலை. ஆள் சிக்கியிருந்தால் 112.

பிறகு படம். தெருவே திரண்டு வந்து அரிவாளோடு உதவி செய்யும். நல்ல மனசுதான், ஆனால் ஐந்து நிமிடம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மரம் மேலே கிடக்கும் நிலையில் நான்கு பக்கமிருந்தும், வண்டி எண் தெரியும்படி, வேர்ப் பகுதி அல்லது முறிந்த இடம் அருகில், தெருப் பெயர்ப்பலகையோடு ஒன்று என எடுத்துக்கொள்ளுங்கள். முறிந்த இடத்தில் உளுத்த மரத்தூளோ கரையானோ இருந்தால் அதையும் எடுங்கள். பக்கத்துக் கடை சிசிடிவியில் விழுந்த நொடி பதிவாகியிருக்கலாம். அழிவதற்குள் கேட்டு வாங்குங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றைக்கே சொல்லி க்ளைம் எண் வாங்குங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை பழுது வேலை தொடங்கக் கூடாது; ஆனால் சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. கூரை ஓட்டைக்குத் தார்ப்பாய் போடுவதும், உடைந்த கார்க் கண்ணாடியை மூடுவதும் பழுது வேலை அல்ல. அந்தச் செலவு ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் நிலையத்தில் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள், காயம் இல்லையென்றால் போட வேண்டியதும் இல்லை. மனு கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், க்ளைமுக்கும் பின்னால் வழக்குக்கும் அது பயன்படும்.

நிறுவனம் பணம் கொடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்கலாமா?

ஒரே சேதத்துக்கு இருமுறை வாங்க முடியாது. நிறுவனம் கொடுத்த அளவுக்கு, அவரிடம் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு மாறிவிடும். அதற்கு ஒரு கடிதத்தில் கையெழுத்தும் கேட்பார்கள். தேய்மானமாகக் கழித்தது, நீங்கள் கையிலிருந்து போட்டது ஆகியவற்றை நீங்கள் கேட்கலாம். அதற்கு முன்பே "எனக்கு உங்கள் மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று பக்கத்து வீட்டாருக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பெருந்தன்மை நல்லதுதான், ஆனால் நிறுவனத்தின் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்ததாக ஆகி க்ளைமே சிக்கலாகும்.

என் மரம் பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது. என் வீட்டுக் காப்பீடு அவருக்குக் கொடுக்குமா?

கொடுக்காது. பாரத் கிருஹ ரக்‌ஷா உங்கள் சொத்துக்கு மட்டும். பிறருக்கு நேரும் சேதத்துக்குப் பொறுப்பேற்கும் பகுதி பல பாதுகாப்புகளை ஒன்றாகச் சேர்த்த சில வீட்டுப் பாலிசிகளில் தனியாக உண்டு. பெரிய மரம் வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குவது நல்லது. பெயரைப் பார்த்து 1991-ஆம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது ஆபத்தான ரசாயனங்களுக்கானது.

அபார்ட்மெண்ட் வளாகத்து மரம் என் கார் மேல் விழுந்தது. சங்கம் கொடுக்க வேண்டுமா?

பொது இடத்து மரத்தைப் பராமரிப்பது சங்கத்தின் வேலை, ஆகவே அதே அளவுகோல்: தெரிந்தும் விட்டார்களா? சங்கக் கூட்டக் குறிப்பில் "மரக்கிளை வெட்டுவது அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று ஒரு வரி இருந்தால் அது அவர்களுக்கு எதிரான சாட்சி. கார் விஷயத்தில் முதலில் உங்கள் வண்டிப் பாலிசியைப் பிடியுங்கள். சங்கத்தோடு மோதினால், கொடுக்கப்போகும் பணத்தில் ஒரு பங்கு உங்கள் பராமரிப்புக் கட்டணத்திலிருந்தே போகும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

வாடகை வீடு. கூரை உடைந்து என் பொருட்கள் நாசமாகின.

கூரை வீட்டுக்காரருடையது, பொருட்கள் உங்களுடையவை. அவருடைய காப்பீடு உங்கள் ஃப்ரிட்ஜுக்கு வராது. வாடகைதாரர் பொருட்களுக்கு மட்டும் தனியாகக் காப்பீடு எடுக்கலாம்.

விழவில்லை, ஆனால் வேர் வந்து என் மதிலைப் பிளந்துவிட்டது.

மெல்ல மெல்ல வரும் சேதத்தைக் காப்பீடு ஏற்காது. மரத்துக்காரர் மேல் தடையுத்தரவும் இழப்பீடும் கேட்டு உரிமையியல் வழக்குப் போடலாம். மரம் முதலில் இருந்து, அதை ஒட்டி நீங்கள் பிறகு மதில் கட்டியிருந்தால் வழக்கு பலவீனம்.

தென்னந்தோப்பே சாய்ந்துவிட்டது. அதற்கு ஏதாவது உண்டா?

2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடந்ததை யாரும் மறக்க முடியாது. மரம் வேறொன்றைச் சேதப்படுத்தியதல்ல அங்கே பிரச்சினை, மரமே சொத்து. அரசு மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. காய்த்து வருமானம் தர ஒரு தென்னைக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு 1,100 ரூபாயின் மதிப்பு புரியும்.

தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை மரக் காப்பீட்டுத் திட்டத்தில் 4 முதல் 60 வயது வரையுள்ள மரங்களைச் சேர்க்கலாம். பிரீமியத்தில் பாதியை வாரியமும் கால்பங்கை மாநிலமும் ஏற்க, விவசாயிக்கு மீதிக் கால்பங்குதான். இழப்பீட்டுத் தொகையும் சிறியதுதான். இருந்தாலும் இல்லாததற்கு இது மேல். வட்டாரத் தோட்டக்கலை அல்லது வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள்.

காப்பீடே இல்லை. அரசு ஏதாவது தருமா?

பேரிடர் நிவாரணமாகக் குடிசைக்கும் வீட்டுக்கும் ஒரு தொகை உண்டு. மிக்ஜாம் புயலின்போது சேதமான குடிசைக்கு 8,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. வி.ஏ.ஓ. வந்து பார்த்து எழுத வேண்டும், அதனால் அவருக்கு உடனே தகவல் சொல்லுங்கள். காருக்கு அதில் இடமில்லை.

க்ளைமை மறுத்துவிட்டார்கள் அல்லது பாதியாக வெட்டிவிட்டார்கள். எங்கே போவது?

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், எந்த விதிப்படி என்று குறிப்பிடச் சொல்லுங்கள், சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு. முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கு சென்னையில் அலுவலகம் இருக்கிறது. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும், 50 லட்சம் வரை விசாரிக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நீங்கள் ஏற்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முதலிலேயே நுகர்வோர் ஆணையத்தில் போட்டுவிட்டால் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார், ஆகவே வரிசையை மாற்றாதீர்கள்.

பக்கத்து வீட்டார் மேல் வழக்குப் போடுவது லாபமா?

சேதம் அரை லட்சம், கையில் கடிதமோ படமோ இல்லை என்றால் வேண்டாம். சேதம் பெரிது, எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கிறது, மரம் உளுத்தது படத்தில் தெரிகிறது என்றால் போடலாம். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. அதற்கும் முன்பாக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு இருவரையும் கூப்பிடுவார்கள். செலவில்லை. பாதிச் செலவை ஏற்கிறேன் என்று ஒருவர் இறங்கி வர அது நல்ல இடம்.

விழுந்த மரத்தின் கட்டை யாருக்கு?

மரம் யாருடையதோ அவருக்கு. "என் சுவரை இடித்தது, அதனால் தேக்கு எனக்கு" என்று நீங்களாக எடுத்துக்கொள்ள முடியாது. இழப்பீட்டில் கழித்துக்கொள்ள இருவரும் எழுதி ஒப்புக்கொண்டால் சரி. தெரு மரம் உள்ளாட்சிக்குப் போகும். சந்தன மரமென்றால் உங்கள் சொந்தத் தோட்டத்தில் விழுந்ததாக இருந்தாலும் வனத்துறைக்குச் சொல்லாமல் தொடாதீர்கள்.